உப்புக்காற்று ஊரில் பழைய எஸ்.யூ.வி. வாங்கும் முன்

கடலூரிலோ புதுச்சேரியிலோ பழைய எஸ்.யூ.வி. வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பதைத்தான். இந்தக் கரையோரத்தில் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, "வண்டி இத்தனை வருஷம் எங்கே நின்றது?" ஒன்றரை லட்சம் கி.மீ. ஓடிய டீசல் எஞ்சினை நல்ல மெக்கானிக் சரிசெய்துவிடுவார். அடித்தகடு உப்பில் அரித்த வண்டியையும், இருக்கை மட்டத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டியையும் யார் கையில் கொடுத்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஐந்து லட்சத்திலிருந்து ஏழு லட்சம் ரூபாய்க்குள் குடும்பத்துக்கு ஒரு வண்டி தேடுகிறவர்கள் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதியிருக்கிறோம்.

முதலில் பணம். கையில் 6 லட்சம் இருந்தால் 5 லட்சத்துக்கு மேல் விலை சொல்லும் வண்டியைப் பார்க்கவே போகாதீர்கள். மீதி ஒரு லட்சம் ஆறு மாதத்துக்குள் தானாகப் போய்விடும். 16 அங்குல டயர் நான்கு மாற்ற 25 முதல் 35 ஆயிரம் வரை ஆகும். பேட்டரி, கிளட்ச் செட், முன்பக்க சஸ்பென்ஷன் புஷ்கள், இன்சூரன்ஸ், பெயர் மாற்றச் செலவு எல்லாம் அதற்கு மேல். முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டு, தேய்ந்த டயரோடும் அடிவாங்கிய பிரேக்கோடும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போவதைவிட, ஒரு மாடல் கீழே இறங்கி வாங்குவது நல்லது.

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் இருக்கும் சிறிய எஞ்சின் வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கியதால் பழைய வண்டி விலையும் இறங்கியிருக்க வேண்டும். அதற்கு முன் போட்ட கணக்கிலேயே விலை சொல்பவரிடம், அதே மாடலின் இன்றைய புது விலையை எடுத்துக் காட்டிப் பேசுங்கள்.

எந்த வண்டி

வருடம் 2016 முதல் 2019 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. 2012 வண்டியை இப்போது வாங்கினால் அந்த அலைச்சல் வாசலிலேயே நிற்கிறது. 2016-19 வண்டிகளில் இன்னொரு வசதியும் இருக்கிறது. அவை பழைய புகை விதியான பி.எஸ். 4-இன்படி வந்த டீசல்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல்களில் சைலன்சரோடு சேர்ந்து புகைக்கரி வடிகட்டி இருக்கும். அதில் சேரும் கரி எரிந்து சுத்தமாக, நெடுஞ்சாலையில் இருபது முப்பது நிமிடம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். லாஸ்பேட்டையிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து மார்க்கெட் என்று மூன்று கி.மீ. ஓட்டங்களிலேயே வண்டி காலம் தள்ளினால் அது அடைத்துக்கொள்ளும். மாற்றும் செலவு பெரியது. வருடத்துக்கு 12,000 கி.மீ.க்குக் குறைவாக ஓட்டுகிறவர்கள் பெட்ரோல் வண்டியே எடுக்கலாம். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் இ20 எரிபொருளை (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. மைலேஜ் சற்றுக் குறையும். எரிபொருள் ரப்பர் குழாய்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விலைக்குள் முதலில் தேட வேண்டியது மாருதி விட்டாரா பிரெஸ்ஸா. 2016 மார்ச்சில் வந்தது. 2020 தொடக்கம் வரை 1.3 லிட்டர் டீசலில் மட்டுமே விற்றது. அந்த எஞ்சினுக்குப் பாகம் கிடைக்காத ஊரே கிடையாது, கைவைக்கத் தெரியாத மெக்கானிக்கும் இல்லை. டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் செயின் பக்கம் சில விநாடிக்கு மேல் கடகடவென்று சத்தம் நீடித்தால் செயின் தளர்ந்திருக்கிறது. 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இழுவை குறைவு என்பதால் நெரிசலில் அரைக் கிளட்சில் ஓட்டும் பழக்கம் பலருக்கு வந்துவிடும். ஆகவே கிளட்ச்சைத் தவறாமல் சோதியுங்கள்.

ஃபோர்டு எக்கோஸ்போர்ட் மறைமலை நகரில் தயாரானது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததால் அதன் மறுவிற்பனை விலை இறங்கியது. வாங்குகிறவருக்கு அது லாபம். 1.5 டீசல், கை கியர் வண்டி உறுதியானது. அதில் டைமிங் பெல்ட் உண்டு, எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் கேளுங்கள். பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்குப் போட்டு விலையில் கழியுங்கள். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி ஹெட்டே போய்விடும். 2013 முதல் 2017 வரை வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். அதைத் தொடவே வேண்டாம். வாங்கும் முன் உங்கள் மெக்கானிக்கிடம் "இந்த வண்டி பார்ப்பீர்களா, பாகம் எங்கே எடுப்பீர்கள்?" என்று கேட்டு, தெளிவான பதில் வந்தால் மட்டும் மேலே போங்கள். பின்கதவில் ஸ்டெப்னி தொங்குவதால் கீல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கும். திறந்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்.

மோசமான ரோட்டுக்கு ரெனோ டஸ்டரின் சஸ்பென்ஷனை மிஞ்ச இந்த விலையில் வேறு வண்டி இல்லை. ஓரகடத்தில் தயாரான வண்டி, 205 மி.மீ. தரை இடைவெளி. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் கிராமச் சாலையில் அதிகம் போகிறவர்கள் 85 குதிரைத்திறன் டீசலைப் பார்க்கலாம். இதிலும் டைமிங் பெல்ட்தான். கிளட்ச்சின் ஹைட்ராலிக் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளே இருக்கிறது. பெடல் தொளதொளவென்று உள்ளே போனால், மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

டாடா நெக்ஸான், 2018-19 வண்டி, இந்த விலைக்கு வந்துவிடுகிறது. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு அது. தொடக்க வருட வண்டிகளில் சின்னச் சின்ன மின்சாரக் கோளாறுகள் வரும் என்பதால் ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். ஹூண்டாய் கிரெட்டா நல்ல வண்டிதான். ஆனால் பெயருக்காகக் கூடுதல் விலை சொல்வார்கள். ஏழு லட்சத்துக்குள் கிடைக்கும் கிரெட்டாவைவிட, அதே பணத்தில் இரண்டு வருடம் புதிய பிரெஸ்ஸா மேல் என்பது எங்கள் கருத்து.

வீட்டில் ஏழு பேர் என்றால் பொலேரோ, டி.யூ.வி. 300, ஸ்கார்பியோ கண்ணில் படும். அவற்றில் பல வண்டிகளில் கடைசி இருக்கை பக்கவாட்டில் எதிரெதிராக இருக்கும். அதில் குழந்தைகளை உட்காரவைத்து நான்குவழிச் சாலையில் போகாதீர்கள். பின்னால் ஒரு லாரி இடித்தால் தாங்க அங்கே எதுவும் இல்லை. முன்பக்கம் பார்த்தபடி மூன்றாம் வரிசை உள்ள பழைய இன்னோவாவோ எர்டிகாவோ எஸ்.யூ.வி. இல்லை என்றாலும் குடும்பத்துக்கு அதுவே பாதுகாப்பு. எக்ஸ்.யூ.வி. 500 மலிவாகக் கிடைக்கிறது என்று மயங்க வேண்டாம். வாங்கும் விலைதான் இறங்கியிருக்கும். பாகங்களின் விலை அப்படியே நிற்கும்.

எந்த மாடலானாலும் வேரியண்ட் முக்கியம். ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) எல்லாக் காருக்கும் கட்டாயமானது 2019இல்தான். ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து இரண்டு ஏர்பேக் எல்லாக் காருக்கும் கட்டாயமானது 2021 முடிவில். அதற்கு முந்தைய அடிமட்ட வேரியண்ட்களில் இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். 2017 குளோபல் என்கேப் சோதனையில் ஏர்பேக் இல்லாத டஸ்டர் பூஜ்ஜிய நட்சத்திரம் வாங்கியது. ஓட்டுநர் ஏர்பேக் உள்ளது மூன்று. சன்ரூஃப், பெரிய டச் ஸ்கிரீன் எதையும் விட்டுக்கொடுக்கலாம். ஏ.பி.எஸ்.ஸையும் இரண்டு ஏர்பேக்கையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வண்டியைப் பார்க்கும் முன் காகிதம்

பதிவு எண்ணை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டால் எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் நிலுவை இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வந்துவிடும். இ-சலான் தளத்தில் அபராத நிலுவையையும் பாருங்கள். பிறகு விற்பவரிடம் இன்சூரன்ஸ் பாலிசியின் நகலை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அதில் என்.சி.பி. என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும், கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி அது. கிளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் போனால் 20, பிறகு 25, 35, 45, ஐந்து வருடத்தில் 50. ஒரே ஓனர் ஏழு வருடம் வைத்திருந்த வண்டியின் பாலிசியில் என்.சி.பி. பூஜ்ஜியமாக இருந்தால் முந்தைய பாலிசி வருடத்தில் கிளெய்ம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். இடையில் இன்சூரன்ஸ் விட்டுப்போனாலும் பூஜ்ஜியமாகும், ஓனர் மாறினாலும் ஆகும். ஆகவே இது தடயம் மட்டுமே. ஆனால் கடந்த மூன்று நான்கு பாலிசிகளையும் வாங்கிப் பார்த்து, 2023 டிசம்பருக்குப் பின்னோ 2024 டிசம்பருக்குப் பின்னோ என்.சி.பி. திடீரென்று விழுந்திருந்தால் காரணத்தைக் கேட்டே ஆக வேண்டும். முதல் தேதி சென்னையை மிக்ஜாம் புயல் மூழ்கடித்த மாதம். இரண்டாவது, ஃபெஞ்சல் புயலை அடுத்த மாதம்.

தண்ணீரும் உப்பும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் நின்ற கார்கள் மூழ்கின. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர் பக்கம் ஊருக்குள் புகுந்தது. இப்படி மூழ்கிய வண்டிகள் எல்லாம் உடைப்புக்குப் போய்விடுவதில்லை. சுத்தம் செய்து, சீட் கவர் மாற்றி, சில மாதம் கழித்து வேறு ஊரில் விற்பனைக்கு வருகின்றன. சென்னையில் மூழ்கியது இங்கே வரும், இங்கே மூழ்கியது சேலம் பக்கம் போகும்.

இவற்றைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பின் இருக்கை சீட் பெல்ட்டை முழுவதும், கடைசி அங்குலம் வரை வெளியே இழுங்கள். பெல்ட்டின் சுருட்டிய பகுதியை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கோடோ பூஞ்சை வாடையோ அங்கேதான் மிஞ்சியிருக்கும். முன் இருக்கைகளைக் கடைசி வரை பின்னால் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். காரின் உள்ளே இருக்கும் போல்ட் நன்றாகத் துருப்பிடித்திருந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். கதவோரப் பிளாஸ்டிக் பட்டையைக் கையால் தூக்கினால் கழன்றுவரும்; அதன் கீழே கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்துங்கள். ஈரமோ, உலர்ந்த வண்டல் மண்ணோ இருக்கக் கூடாது. டிக்கியில் ஸ்டெப்னி குழியும் ஜாக்கி வைக்கும் இடமும் அப்படியே. டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒரு கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பித்தளைப் பின்களில் பச்சை படிந்திருந்தால் அந்த மட்டம் வரை தண்ணீர் ஏறியிருக்கிறது.

ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலான கார்களில் கியர் லீவருக்குக் கீழே, தரையோடு ஒட்டி இருக்கும். வெள்ளத்தில் முதலில் கெடும் எலக்ட்ரானிக்ஸ் அதுதான். சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் விளக்குகள் மூன்றும் எரிய வேண்டும். சில விநாடியில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் கோளாறை மறைத்திருக்கிறார்கள், அது இன்னும் மோசம்.

மழைத்தண்ணீர் கார்ப்பெட் வரை மட்டும் ஏறிய வண்டியை, விலையை வெகுவாகக் குறைத்தால் யோசிக்கலாம். டேஷ்போர்டு வரை ஏறியதும், கழிமுக உப்புத்தண்ணீரில் நின்றதும் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வயரிங்குக்குள் போன உப்பு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒவ்வொரு கனெக்டராக அரித்துக்கொண்டே இருக்கும். இன்று ஜன்னல் மோட்டார், நாளை ஃபியூயல் பம்ப் ரிலே என்று நிற்கும் இடம் தெரியாமல் நிற்கும். தண்ணீரில் ஓட்டி எஞ்சின் நின்றுபோன வண்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராட் லேசாக வளையும். அப்படியும் எஞ்சின் ஓடும். பல மாதம் கழித்து நெடுஞ்சாலையில் ராட் முறிந்து பிளாக்கை உடைக்கும். சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்குள் 10-15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

வெள்ளம் பார்க்காத வண்டியையும் உப்புக்காற்று விடுவதில்லை. தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம், காலாப்பட்டு என்று கடலுக்கு ஒரு கி.மீ.க்குள் திறந்த வெளியில் நின்ற வண்டிக்கும், நெய்வேலியில் ஷெட்டில் நின்ற வண்டிக்கும் ஒரே வருடம், ஒரே கிலோமீட்டர் என்றாலும் அடிப்பாகத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். இதைத் தரையில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதாது. வீல் அலைன்மென்ட் கடைக்கோ வாட்டர் சர்வீஸுக்கோ கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றுங்கள். கேட்டால் ஏற்றித் தருவார்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். லிஃப்டில் ஏற்ற விற்பவர் மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடிப்பக்கத்தால் தட்டிக்கொண்டே பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகடு, பின்சக்கர வளைவின் உள்விளிம்பு, ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குத்தகடு, முன் சஸ்பென்ஷன் பொருத்திய சப்ஃபிரேம், அதன் வெல்டிங் ஓரங்கள் எல்லாம் 'டங்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் உள்ளே அரித்திருக்கிறது, அல்லது பட்டி போட்டிருக்கிறார்கள். மேலே மட்டும் படிந்த காவித் துரு, கம்பி பிரஷ்ஷில் போய்விடும், பயம் வேண்டாம். செதில் செதிலாக உரியும் துரு, விரலால் அழுத்தினால் பொடியும் தகடு, இவை இருந்தால் வேண்டாம். பிரேக் பைப்பில் துரு ஏறி உப்பியிருந்தால் அதை மாற்றித்தான் ஓட்ட வேண்டும். சைலன்சரில் ஓட்டை என்பது சின்னச் செலவு. புதிதாகக் கறுப்புப் பூச்சு பளபளவென்று அடித்திருக்கும் அடிப்பாகத்தை நம்பாதீர்கள். விற்பனைக்கு முந்தைய வாரம் அடித்த பூச்சு துருவை மூடத்தான் அடிக்கப்படும்.

முன்னால் ஏ.சி. கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளையும் பாருங்கள். உப்பில் அவை வெள்ளைப் பொடியாக உதிரும். ஏ.சி.யைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, நடு வென்டில் சமையலறைத் தெர்மாமீட்டரைச் செருகினால் 10 டிகிரிக்குக் கீழே காட்ட வேண்டும். "கேஸ் மட்டும் போட்டால் போதும்" என்று சொன்னால், அந்த கேஸ் எங்கே போனது என்று கேளுங்கள். உள்ளே கூலிங் காயில் கசிந்தால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிவரும்.

எஞ்சினும் ஓட்டமும்

வண்டியைக் காலையில், ஆறிய நிலையில் பாருங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்தால் தெரிந்துவிடும். முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரைப் பாருங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. நிற்காத வெள்ளைப்புகை இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது கறும்புகை தள்ளினால் இன்ஜெக்டர், இ.ஜி.ஆர்., டர்போ குழாய் இவற்றில் ஒன்று. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான காற்று வருவது இயல்பு. புகையோடு 'புஸ் புஸ்' என்று அடித்தால், மெக்கானிக்குகள் சொல்லும் பேக் கம்ப்ரஷன், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலமும், ஆயில் மூடியின் உள்பக்கம் பால்டீ நிறத்தில் பசையும் இருக்கக் கூடாது.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி ஃபோனில் பார்க்கலாம். கோளாறுக் குறியீடுகளைவிட முக்கியமாக, குறியீடுகளை அழித்த பின் எத்தனை கி.மீ. ஓடியது என்ற எண்ணைப் பாருங்கள். அது 5 அல்லது 10 என்று இருந்தால் நீங்கள் வருவதற்காக அழித்திருக்கிறார்கள்.

மீட்டரைத் திருப்புவது எளிது, மற்ற அடையாளங்களைத் திருப்புவது கடினம். 2017 டீசல் வண்டி 45,000 கி.மீ. என்று காட்டி, கிளட்ச் பெடல் ரப்பர் மழுங்கி, ஸ்டீயரிங் வழவழவென்று ஆகி, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் நசுங்கியிருந்தால் அந்த எண் பொய். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைச் சொல்லி, ஓனரை வைத்தே சர்வீஸ் வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயர், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டியதே. பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் கிடைத்தால் கம்பெனி பெயின்ட் 90 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 500க்கு மேல் காட்டும் இடத்தில் பட்டி இருக்கிறது. கதவில் பட்டி இருந்தால் உரசல். முன்பக்கச் சட்டத்திலோ கூரைத் தூணிலோ இருந்தால் விபத்து. அதை வாங்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும். கடலூரில் என்றால் கேப்பர் மலை ஏற்றம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஏற்றத்தில் நின்று ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா பாருங்கள். பிறகு மூன்றாம் கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து முழுக்க ஆக்ஸிலரேட்டர் அழுத்துங்கள். ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. ஸ்டார்ட் எடுக்கும்போது வண்டி குலுங்கினால் ஃப்ளைவீலையும் சேர்த்து மாற்ற வேண்டிவரலாம். அப்போது செலவு இரண்டு மூன்று மடங்காகும். புதுச்சேரியில் ஏற்றத்துக்குக் கோரிமேடு, அரும்பார்த்தபுரம் மேம்பாலம் போதும். அடுத்து விழுப்புரம் - நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங்கைத் தளர்வாகப் பிடியுங்கள். நடுக்கம், ஒரு பக்கம் இழுப்பு, வேகத்தோடு ஏறும் விமானச் சத்தம் போன்ற வீல் பேரிங் ஓசை இருக்கிறதா கவனியுங்கள். ஊருக்குள் வந்து வேகத்தடைகளில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள்; 'டொக்' என்றால் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். இது பேரம் பேச உதவும் குறை, பயப்படத் தேவையில்லை. ஓட்டி முடித்து வந்து, எஞ்சின் சூடாக இருக்கும்போது மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகத் தயங்கும் டீசலில் இன்ஜெக்டர் கசிவு இருக்கலாம்.

குடும்பத்தையும் ஒருமுறை உட்காரவையுங்கள். மூன்று பேர் பின்னால், அம்மாவுக்கு ஏறி இறங்க உயரம் சரியா, குழந்தை இருக்கை மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்பதை வாங்கிய பிறகு தெரிந்துகொண்டு பயனில்லை.

பி.ஒய்.யா, டி.என்.னா

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருபது சொச்சம் கி.மீ.தான். ஆனால் பி.ஒய். 01 (புதுச்சேரிப் பதிவு) வண்டியை வாங்கி கடலூரில் வைத்துக்கொள்வது, டி.என். 31 (கடலூர்ப் பதிவு) வண்டி வாங்குவதைப் போன்றது அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டின் லைஃப் டேக்ஸ், வண்டியின் வயதுக்கும் விலைக்கும் ஏற்பத் தனியாகக் கட்ட வேண்டும். புதுச்சேரியில் கட்டிய வரி இங்கே செல்லாது. ஆகவே பி.ஒய். வண்டி அதே மாடல் டி.என். வண்டியைவிட 40, 50 ஆயிரம் மலிவாகத் தெரிந்தால், வரித்தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுச் சேர்த்த பிறகே ஒப்பிடுங்கள். புதுச்சேரியில் வசிப்பவர் கடலூர் வண்டியை வாங்கினாலும் இதே நடைமுறைதான்.

காகிதங்கள்: பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 மற்றும் 30. மாநிலம் மாறினால் பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), அது படிவம் 28. புது எண்ணுக்குப் படிவம் 27. கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35ம் வங்கியின் கடிதமும். கடன் அடைந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது, ஆர்.சி.யில் ஹைப்பாத்திகேஷன் (வங்கிக்கு அடமானம் என்ற குறிப்பு) நீங்கியிருக்க வேண்டும். ஆர்.சி.யோடு இணைத்த மொபைல் எண் விற்பவரிடம் இன்னும் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஓ.டி.பி. அந்த எண்ணுக்கு வரும்; பழைய எண் தொலைந்திருந்தால் வேலை அங்கேயே நிற்கும்.

டெல்லியிலிருந்து வரும் வண்டிகள் பற்றி ஒரு வார்த்தை. அங்கே பத்து வருடம் தாண்டிய பழைய டீசல்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்ததால் தெற்கே மலிவாக வருகின்றன. கடல் பார்க்காததால் அடிப்பாகம் நன்றாகவே இருக்கும். ஆனால் என்.ஓ.சி. கையில் வராமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

விலையும் முன்பணமும்

ஆடியிலும் மார்கழியிலும் வண்டி வாங்குகிறவர்கள் குறைவு. பேரத்துக்கு அதுவே நல்ல சமயம். புயல் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் சந்தைக்கு வரும் 'புத்தம் புதிது போல' வண்டிகளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக் சொன்ன தொகையைச் சொல்லி விலை கேளுங்கள். பொத்தாம்பொதுவாக "குறைச்சுக் கொடுங்க" என்பதைவிட அது எடுபடும். டோக்கன் அட்வான்ஸ் ஐந்தாயிரம், பத்தாயிரத்துக்கு மேல் வேண்டாம். "லிஃப்ட், ஸ்கேனர் சோதனையில் வெள்ளச் சேதமோ விபத்துச் சேதமோ தெரிந்தால் முன்பணம் திரும்பத் தரப்படும்" என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மீதியை வங்கி வழியாகவே, ஆர்.சி.யில் பெயருள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள். புரோக்கர் கணக்குக்கு வேண்டாம்.

வண்டியை எடுக்கும்போது தேதியும் மணியும் போட்டு டெலிவரி கடிதம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் மூன்றாம் நபர் காப்பீடு தொடர்ந்தாலும் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. விற்பவரின் என்.சி.பி. அவரோடு போய்விடும் என்பதால் பிரீமியம் வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். கட்டும்போதே எஞ்சின் புரொடெக்ட் (தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால் அதற்கான காப்பீடு) சேர்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கும் இந்த ஊரில் அது வீண் செலவு ஆகாது.

முதல் வாரத்தில் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். முந்தையவர் எப்போது மாற்றினார் என்பதை நம்பி ஓட்ட வேண்டாம். பெல்ட் எஞ்சின் என்றால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே வேலையாக முடியுங்கள். பிறகு அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அழுத்தமாகக் கழுவி, ஒரு முழு நாள் வெயிலில் காயவிட்டு, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரைமர் அடித்த பின் ஆன்டி ரஸ்ட் பூச்சு கொடுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் துரு பூச்சுக்கு உள்ளேயே வளரும். பெட்டித்தகட்டுக்கும் கதவுக்கும் அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றைப் பூச்சால் அடைத்துவிடாமல் அடிக்கச் சொல்லி, அடித்து முடித்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.